நாய்களுக்காக ஒரு வண்டி

நவம்பர் 3, திங்கள்

வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு வண்டி வாங்குவது என்று இன்று முடிவு செய்தேன். நாய்களுக்காக.

இருக்கிற கார் நல்ல கார்தான். வாங்கும்போது கடைக்காரப் பையன், "ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும் சார்" என்று பெருமையாகச் சொன்னான். உண்மைதான், அவ்வளவு தாழ்வு. சீட்டில் உட்காருவது தரையில் உட்காருவது மாதிரி. கொக்கும் முக்குவும் ஏறினால் சீட்டெல்லாம் முடியாகிவிடுகிறது. கொக்கு என்பது எங்கள் சிப்பிப்பாறை நாய். முக்கு தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தது. அதன் முழுப்பெயர் முக்குளிப்பான். அப்படி ஒரு நீர்ப்பறவை இருக்கிறதாம். இரண்டு பெயரும் என் மனைவி மனோரஞ்சிதம் வைத்தவை. பாளையங்கோட்டையில் பாதிப் பெண்களுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். நாய்க்கு மணி என்று பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜூலையில் ரஞ்சிதம் துவைக்கிற கல் பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. எல்லாம் கூடிவிட்டது, இனி நன்றாக நடக்கவேண்டும், வெளியே போகவேண்டும் என்கிறார் டாக்டர். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து அடுப்படி வரை போகிறாள், திரும்புகிறாள். வாசலைத் தாண்டுவதில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு சர்ச்சில் ஆராதனைக்குக் காரில் அழைத்துப் போனேன். கோயில் வாசலில் சீட்டைவிட்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை. பாடகர் குழுப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சேலை விலகியது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்ததும், "இனி என்னைய எங்கயும் கூப்பிடாதீங்க" என்றாள்.

இதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 4

ரஞ்சிதத்திடம் சொன்னேன்.

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான். அப்படியே நானும் குளத்துப் பக்கம் போய்ப் பறவை பார்க்கலாம்னு இருக்கேன்."

"நீங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மானூர்க் குளத்தில் ஜனவரி கடைசி ஞாயிறு நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆரம்பித்த வருஷத்திலிருந்து அவள்தான் பொறுப்பு. கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, தோழிகளோடு விடியுமுன் கிளம்பிவிடுவாள். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குப் பறவை என்றால் கம்பியில் அடிபட்டு லைனை டிரிப் ஆக்குகிற சமாச்சாரம்.

"கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

"கொக்கு நம்ம வீட்டில இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 8

பழைய வண்டி வாங்கி விற்கிற காஜா மைதீன் மேலப்பாளையத்துக்காரர். நல்ல மனிதர். என் தேவைகளைச் சொன்னேன். ஓட்டுகிற செலவு குறைவாக இருக்கவேண்டும், சேற்றில் போகவேண்டும், உள்ளே கழுவிவிட வசதி வேண்டும், ஏறுவதற்குக் காலை அதிகம் தூக்கக்கூடாது, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது, பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி வேண்டும்.

"நாய் எதுக்கு சார் கம்பியப் புடிக்கும்?"

"பொதுவாகச் சொன்னேன்."

ஒரு ஜீப்பைக் காட்டினார். தரையிலிருந்து உயரத்தை டேப் வைத்து அளந்தேன். அதிகம்.

"நாயி தாவிருமே சார்."

"வயசான நாய் பாய்."

கொக்குக்கு மூன்று வயது. அந்த நேரம் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே எம்பி ஜீப்பின் பின்பக்கக் கதவுக்கு மேலாகத் தாவி உள்ளே போய் உட்கார்ந்தது. மைதீன் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன்.

நவம்பர் 13

சின்னக் கார் ஒன்று, கூரை உயரமானது. சீட்டு உயரம் சரியாக இருந்தது. டிக்கியில் இடம் போதுமா என்று பார்க்க வீட்டிலிருந்து வாக்கரை எடுத்துப் போயிருந்தேன். ரஞ்சிதம் மதியம் தூங்கிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. வாக்கர் டிக்கியில் போனது. நாய்கள் போகவில்லை.

வீடு திரும்பியபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெகுநேரம் ஆகியிருக்கிறது. வாக்கர் இல்லாமல் பாத்ரூமுக்குப் போகவும் முடியாமல் அப்படியே இருந்திருக்கிறாள். நான் வாக்கரை முன்னால் வைத்தேன்.

"நாய்க்கு வாக்கர் புடிச்சிருந்துச்சா?" என்றாள்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு நானே தோசை சுட்டேன். ஒன்றும் வட்டமாக வரவில்லை.

நவம்பர் 17

மழை. குளங்கள் பெருகுகின்றனவாம். முக்கு சோபாவில் ஏறிப் படுத்துவிட்டது.

நவம்பர் 19

மைதீன் ஒரு வேன் கொண்டுவந்தார். படி தாழ்வு, இழுக்கிற கதவு, கதவு ஓரமாக நல்ல பிடி, நடுவில் தாராளமான இடம். நான் கேட்ட எல்லாமே அதில் இருந்தன. விலை படிந்துவிடும் போலிருந்தது. வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தபோது, பக்கவாட்டில் சுரண்டிய எழுத்துகளின் தடம் தெரிந்தது. ஆம்புலன்ஸ்.

"அதெல்லாம் பழைய கதை சார். பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"நாய்களுக்குப் பிடிக்கவில்லை" என்றேன். நாய்கள் இரண்டும் உள்ளே ஏறி வாலாட்டிக்கொண்டிருந்தன. இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

நவம்பர் 26

முக்குவுக்குத் தடுப்பூசி போடவேண்டும். காரில் பேட்டரி இறங்கிக் கிடந்தது. மழையில் ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் நாயைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், பிறகு ஏற்றிக்கொண்டார். மார்க்கெட் பக்கம் எங்களுக்கு முன்னால் இன்னொரு ஆட்டோ நின்றது. அதில் ஒரு கனத்த அம்மாள் ஏறினாள். முட்டி மடங்காத கால். ஒரு கை கம்பியில். நல்ல காலை முதலில் படியில் வைத்தாள், உடம்பைத் திருப்பினாள், உட்கார்ந்தாள், மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து, "போப்பா" என்றாள். யாரும் அவளைத் தொடவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி தாண்டி ரொம்ப தூரம் போனபிறகுதான் இறங்க மறந்தது ஞாபகம் வந்தது.

நவம்பர் 27

ஆட்டோவில் கதவு கிடையாது. நாய்கள் தாவி ஏறலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். குளத்துக் கரையில் கார் போகாது, ஆட்டோ மடை வரைக்கும் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கலாம், இறங்கவே வேண்டாம். கேஸில் ஓடுகிற ஆட்டோ என்றால், மானூர் போய்வருவதற்கு இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற செலவுதான்.

மைதீனிடம் சொன்னேன்.

"சொந்தமாவா சார்? வேணும்னா வாடகைக்கு ஒரு ஆட்டோவப் பேசிக்கிடலாமே."

முடியாது என்றேன். எங்கள் தெருமுனை ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோர் வீட்டிலும் ரஞ்சிதத்திடம் படித்தவள் ஒருத்தியாவது இருப்பாள். ரஞ்சிதம் வாசலில் தலையைக் காட்டினாலே, "டீச்சருக்கு இப்ப எப்படி இருக்கு, புடிச்சுக்கிடட்டுமா" என்று இறங்கி வந்துவிடுவார்கள். இதை மைதீனிடம் சொல்லவில்லை. நாய்களைத் தினமும் யார் ஏற்றுவார்கள் என்று மட்டும் கேட்டேன்.

டிசம்பர் 4

வாங்கியாயிற்று. சொந்த உபயோகத்துக்கு மாற்றிப் பதிவு செய்ய மைதீன்தான் அலைந்தார். மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை அடித்தோம். ஸ்டியரிங்குக்குப் பதில் ஹேண்டில்பார், கியர் கைப்பிடியிலேயே. ஹைகிரவுண்ட் மைதானத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பழகினேன். ஒரு மாட்டைத் தவிர வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் ரஞ்சிதம் ஜன்னலுக்கு வந்தாள். பச்சை ஆட்டோவையும், உள்ளே உட்கார்ந்திருந்த நாய்களையும், காக்கிச் சட்டை மட்டும் பாக்கியாக நின்ற என்னையும் பார்த்தாள்.

"ஈபியில இன்ஜினியரா இருந்தவரு" என்றாள்.

"நாய்க்குத்தானே."

"யாராவது கேட்டா?"

"நாய்க்குன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

டிசம்பர் 9

நாய்களோடு முருகன்குறிச்சி பக்கம் போனபோது சிக்னலில் ஒரு அம்மாள் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறிவிட்டாள். "சமாதானபுரம் விடுங்க. நாய்கள அங்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க" என்றாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். விளக்கம் சொல்ல நேரமில்லை. கொண்டுபோய் விட்டேன். காசு வேண்டாம் என்றதும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, நாலு முருங்கைக்காயைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் முருங்கைக்காய் ஏது என்று ரஞ்சிதம் கேட்டாள். சொன்னேன். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சாம்பாரும் நன்றாக இருந்தது.

டிசம்பர் 13

வெல்டிங் பட்டறையில் ஆட்டோவுக்கு ஒரு கூடுதல் படி வைத்தேன். தாழ்வாக, அகலமாக, வழுக்காத தகடு. கூரையிலிருந்து இன்னொரு கைப்பிடியும்.

"அந்தப் படி யாருக்கு?" ஜன்னலிலிருந்து குரல்.

"முக்குவுக்கு. குண்டுல்ல."

முக்குவைக் கூப்பிட்டுப் படியைக் காட்டினேன். அது படியை மோந்து பார்த்தது, தாண்டிக் குதித்து ஏறியது. மறுபடி இறக்கிக் காட்டினேன். மறுபடியும் குதித்தது. ரஞ்சிதம் ரொம்ப நேரம் ஜன்னலிலேயே நின்றாள்.

டிசம்பர் 25

அதிகாலை ஆராதனை. நேற்றே ஆட்டோவைக் கழுவித் துடைத்து, சீட்டில் புது விரிப்புப் போட்டிருந்தேன். ரஞ்சிதம் விழித்திருந்தாள்.

"வண்டி இருக்கு" என்றேன்.

"அது நாய்க்குல்லா வாங்குனீங்க."

"அது இருக்கட்டும். நீயும் வரலாமே."

"அன்னைக்கு எல்லாரும் பாத்துட்டு நின்னாங்கங்க. எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க, அதுங்க பிள்ளைங்க, எல்லாம். இன்னொரு தடவ என்னால முடியாது. போயிட்டு வாங்க."

தனியாகப் போனேன். டீச்சர் எப்படி இருக்காங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றேன். இனி அவள் வரவே மாட்டாளோ என்று பயம் வந்துவிட்டது. இப்படியே அந்த ஹாலுக்கும் அடுப்படிக்கும் இடையிலேயே அவள் காலம் போய்விடுமோ என்று நினைத்தபோது பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்திலிருந்தவர் கேக் கொடுத்தார்.

ஜனவரி 3

கணக்கெடுப்பு ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஷீபா போன் செய்தாள். அவளும் ரஞ்சிதத்தின் மாணவிதான். டீச்சரால் இந்த வருஷம் முடியாது என்றால் மானூர்க் குளத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ரஞ்சிதம் உள்ளே இருந்தாள். கேட்டாளா தெரியாது.

"டீச்சர் பேரிலேயே இருக்கட்டும்மா. நான் போய் எண்ணிக்கிடுதேன்" என்றேன்.

"சார், உங்களுக்கு…"

"எண்ணத் தெரியும்."

ஜனவரி 18, ஞாயிறு

முன்னோட்டமாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ரஞ்சிதத்தின் பைனாகுலரை எடுத்துக்கொண்டு நாய்களோடு போனேன். கரையில் ஆட்டோ வெண்ணெயாகப் போனது. குளம் நிறைந்து கிடந்தது. வெள்ளையாக உயரமாகச் சில நின்றன. கறுப்பாகச் சில முங்கி முங்கி எழுந்தன. எங்கள் முக்குவின் பெயர்க்காரர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

அதிர்ஷ்டம் தெற்குக் கரையில் இருந்தது. ஒரே கூட்டமாக வாத்துகள், குறைந்தது அறுநூறு. பழுப்பும் வெள்ளையுமாக. பறக்காமல் நெருக்கமாக நின்றதால் எண்ண வசதியாக இருந்தது. அங்கிருந்தே ஷீபாவுக்குச் செய்தி அனுப்பினேன். "மானூர், மனோரஞ்சிதம் டீச்சர் குழு, பெரிய வாத்துக் கூட்டம், 600." அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பரபரப்பு. மதுரையிலிருந்துகூட இரண்டு பேர் கேமராவோடு கிளம்பப் போகிறார்களாம். இவ்வளவு நாள் இந்தப் பொழுதுபோக்கை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன்.

ஜனவரி 19

காலையில் ரஞ்சிதத்தின் போன் ஓயாமல் அடித்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாக்கரோடு வந்து என் எதிரில் நின்றாள்.

"அறுநூறு வாத்தா?"

"குறைஞ்சது."

"என்ன நெறம்?"

"பழுப்பு. சிலது வெள்ளை."

"பறந்துச்சா?"

"இல்ல. அடக்கமா நின்னுச்சு."

"பக்கத்துல ஒரு ஆளு நின்னானா? கையில நீளமான கம்போட?"

நின்றான். தலையில் துண்டு கட்டியிருந்தான். "வனத்துறை ஆளுன்னு நினைச்சேன்" என்றேன்.

ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டாள். வாத்து மேய்க்கிறவர்கள் ஊர் ஊராக ஓட்டிவந்து குளத்தில் விடுகிற முட்டை வாத்துகளாம் அவை. இராத்திரி வலைக்குள் அடைத்துவிடுவார்களாம்.

"எத்தன வருசம் அந்தக் குளத்த நான் பாத்துருக்கேன்! ஒரு தடவகூட எம்பேர்ல தப்புக் கணக்குப் போனதில்ல. சந்தேகம்னா எழுதவே மாட்டேன். இப்பம் மதுரையில இருந்து ஆளு வாரான், முட்ட வாத்தப் படம் புடிக்க! எம்பேரப் போட்டு!" அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டு மாதக்கணக்காகிறது. நாய்கள் இரண்டும் மேசைக்கு அடியில் போய்விட்டன. எனக்கும் இடம் இருந்தால் போயிருப்பேன்.

ஷீபாவுக்கு அவளே போன் போட்டுத் திருத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வார ஞாயித்துக்கிழமையும் நீங்கதான் எண்ணப் போறீங்களா?"

"ஆமா."

"கரையில ஆடு நின்னா அதையும் சேப்பீங்க."

உள்ளே போய்விட்டாள். மதியச் சாப்பாட்டின் நடுவில், ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தன மணிக்குக் கெளம்புதீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சரை."

"லேட்டு" என்றாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஐந்து மணிக்கு அவள் தயாராக இருந்தாள். வாக்கரை ஹாலிலேயே விட்டுவிட்டு, பிசியோதெரபிஸ்ட் கொடுத்திருந்த கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். தெருவில் யாரும் இல்லை. ஆட்டோவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் பக்கத்தில் போகவில்லை. கேட் ஓரம் கொக்குவின் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை மாட்டி மாட்டி அவிழ்த்தேன். கொக்கு என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தது.

கம்பியில் கை வைக்கிற சத்தம் கேட்டது. படித் தகடு கிறீச்சிட்டது. பிறகு சீட்டு. திரும்பிப் பார்த்தபோது உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாவி உள்ளே போகவில்லை.

"என்ன, ஸ்டார்ட் ஆவலையா?"

"ஆகும்" என்றேன்.

கரைமேல் மடை வரைக்கும் ஓட்டிப்போய் நிறுத்தினேன். இறங்கவேண்டாம், இங்கிருந்தே எல்லாம் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரு பக்கம் குனிந்து பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள்.

"கருவேலம் மறைக்கு. எறங்கணும்."

"சேறும் சகதியுமா இருக்கு, ரஞ்சிதம்."

"நாயப் புடிச்சுக்கிட்டு நீங்க வண்டியிலயே இருங்க. குலச்சா எல்லாம் பறந்துரும்."

இறங்கினாள். கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக, கரையோடு நடந்தாள். வளைவு வரை தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. இரண்டு நாய்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எனக்கு வியர்த்தது. போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை, திட்டுவாள். சூரியன் நன்றாக மேலே வந்தபிறகு சேலைக் கரையெல்லாம் சேறாக, முகமெல்லாம் சிவந்து, திரும்பி வந்தாள். கூடவே ஷீபா. மதுரை ஆட்கள் இரண்டு பேரும் பின்னால்.

"டீச்சர், இப்ப எப்படி இருக்கு?" என்று ஷீபா கேட்பது காதில் விழுந்தது. நாய்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பூநாரை ஒண்ணுகூட இல்ல. ஆனா ஊசிவால் வாத்து வந்துருக்கு பாத்தியா, மேக்க" என்றாள் ரஞ்சிதம்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள். காலில் தைலம் தேய்த்துவிட்டேன். வலிக்கிறதா என்றேன். வலிக்கிறது என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு உப்புமா கிண்டினேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம், எனக்கு எங்கும் போகிற வேலை இல்லை. நேற்றைய அலைச்சலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாமலும் வாசலில் ஆட்டோ ஹாரன் விடாமல் அடித்தது. யாரோ சவாரி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று கோபத்தோடு எழுந்து போனேன்.

எங்கள் ஆட்டோதான். இரண்டு பக்கமும் இரண்டு நாய்கள், நடுவில் ரஞ்சிதம், கழுத்தில் பைனாகுலர். பின்சீட்டிலிருந்து கைத்தடியை நீட்டி, அதன் நுனியால் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வாரீங்களா," என்றாள், "இல்ல நான் வேற ஆட்டோ பாத்துக்கிடட்டுமா?"